வீட்டு சிஎன்சி ரூட்டர்: மூளை இருக்கு, முதுகெலும்பு எங்கே?

ஒரு புத்தகம், மூன்று வடிவமைப்புகள். இவைதான் இந்தப் பதிவில் அலசப் போகிற சரக்கு. புத்தகம், பேட்ரிக் ஹூட்-டேனியலும் ஜேம்ஸ் ஃபிளாய்ட் கெல்லியும் சேர்ந்து எழுதி 2009-ல் ஏப்ரெஸ் வெளியிட்ட 'பில்ட் யுவர் ஓன் சிஎன்சி மெஷின்'. வடிவமைப்புகள்: எட்வர்ட் ஃபோர்டு 2011-ல் கிக்ஸ்டார்ட்டரில் கொண்டுவந்த ஷேப்ஓக்கோ, வி1 எஞ்சினியரிங்கின் எம்பிசிஎன்சி, அப்புறம் ஒரு பயனர் குழுவாக வளர்ந்த பிரின்ட்என்சி. முதல்முறையாக ஒரு ரூட்டரை வீட்டில் கட்ட நினைக்கிறவர் இந்த நாலில் ஒன்றிலாவது கால் நனைக்காமல் போவது கஷ்டம். நானும் ஒன்றை வடிவமைத்துக் கொண்டிருப்பதால் கடந்த சில மாதங்களாக இவற்றுக்குள்தான் கிடக்கிறேன். நல்லதும் நிறைய இருக்கிறது. ஆனால் முதல்முறை கட்டுகிறவருக்கு எது ரொம்ப முக்கியமோ அதை இவை சொல்லும் விதத்தில் எனக்குச் சில சண்டைகள் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. சிஎன்சி ரூட்டர் என்பது ஒரு மேசை, அதன் குறுக்கே நகரும் ஒரு பாலம் (கேன்ட்ரி), பாலத்தில் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரும் ஒரு சுழல் மோட்டார். மோட்டாரின் முனையில் வெட்டும் பிட். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை ஜி-கோடு என்ற வரிகளாக மாற்றி அனுப்பினால், பிட் அந்த வழியில் போய் மரத்தைச் செதுக்கும். 3டி பிரின்டரின் அண்ணன் என்று பலரும் அறிமுகப்படுத்துவார்கள். அந்த அறிமுகத்திலேயே பிரச்சினை தொடங்கிவிடுகிறது. பிரின்டரின் முனை காற்றில் நகர்கிறது. அதை யாரும் எதிர்த்துத் தள்ளுவதில்லை. ரூட்டரின் முனையை மரம் தள்ளுகிறது. ஒவ்வொரு வெட்டுப்பல்லும் மரத்தில் இறங்கும்போதும் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு பல் என்றால் ஒரு நொடிக்கு 600 குத்து.

இந்த இயந்திர வகையின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஜான் பார்சன்ஸின் யோசனையில் தொடங்கி, அமெரிக்க விமானப்படையின் பணத்தில், எம்ஐடியின் செர்வோ ஆய்வகம் 1952-ல் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சின்சினாட்டி கம்பெனியின் ஹைட்ரோ-டெல் என்ற, ஏற்கெனவே இருந்த கனத்த மில்லிங் இயந்திரம். கட்டுப்பாட்டுப் பெட்டிதான் புதிது. வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் நிறைந்த அந்தப் பெட்டி இயந்திரத்தைவிட அதிக இடத்தை அடைத்தது. அதாவது இரும்பு கையில் இருந்தது, மூளையைக் கஷ்டப்பட்டுக் கட்டினார்கள். இன்றைக்கு வீட்டில் கட்டுகிற நமக்கு நிலைமை தலைகீழ். மூளை உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஆர்டுவினோ. சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் எழுதி, பிறகு சங்கன் ஜியோன் வளர்த்தெடுத்த ஜிஆர்பிஎல் மென்பொருள் இலவசம். கஷ்டமெல்லாம் இரும்பில் இருக்கிறது. ஆனால் வழிகாட்டிகளின் பக்கக் கணக்கைப் பாருங்கள்: ஒயரிங், மோட்டார், டிரைவர், மென்பொருள் அமைப்பு என்று நீண்டுகொண்டே போகும், பாலம் எவ்வளவு வளையும் என்ற கேள்விக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிசு.

பெருமை பேசுவதும் மூளைப் பக்கமே. "என் மெஷின் 0.003 மி.மீ. ரெசல்யூஷன்" என்பார்கள். கணக்கு சரிதான். ஒரு சுற்றுக்கு 200 அடி, அதை எட்டாகப் பிரித்தால் 1,600, ஸ்க்ரூ ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்த்தும் என்றால் மி.மீட்டருக்கு 320 அடி. ஒரு அடி 0.003 மி.மீ. இது மோட்டாருக்குக் கொடுத்த உத்தரவின் நுட்பம். பிட்டின் முனை அங்கே போய் நின்றதா என்பது வேறு விஷயம்.

சரி, எவ்வளவு வளையும்? பாடப்புத்தகச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டு முனையிலும் தாங்கிய உத்தரத்தின் நடுவில் ஒரு விசை. வெட்டு விசை 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ எடை என்று வையுங்கள். 25 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர் உள்ள இரும்புக் குழாய் 600 மி.மீ. இடைவெளியில் நடுவில் 0.15 மி.மீ. வளையும். பெருமை பேசிய ரெசல்யூஷனைப்போல் ஐம்பது மடங்கு. இதே குழாயை 1,200 மி.மீ. நீளமாக்கினால்? நீளம் இரண்டு மடங்கு, வளைவு எட்டு மடங்கு, 1.17 மி.மீ. நீளத்தின் கனத்தோடு வளைவு ஏறுகிறது என்பதை பொறியியல் படித்த எல்லோரும் இரண்டாம் வருடத்தில் எழுதிப் பாஸாகியிருப்போம். ஆனால் "கொஞ்சம் பெரிசா கட்டிக்கலாமே, குழாய்தானே" என்ற ஆசை வரும்போது அந்தக் கனம் யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இப்போது அதே 1,200 மி.மீ.க்கு 75க்கு 75 ஸ்கொயர் பைப், 3 மி.மீ. சுவர். வளைவு 0.012 மி.மீ. எடை மீட்டருக்குச் சுமார் 0.9 கிலோவிலிருந்து 6.8 கிலோவாகிறது, எட்டு மடங்கு. விறைப்போ 97 மடங்கு. கிலோ கணக்கில் விற்கிற பொருளில் இதைவிட லாபமான பேரம் எனக்குத் தெரிந்து கிடையாது.

முறுக்கு இன்னும் மோசமான எதிரி. பிட் பாலத்துக்குக் கீழே தொங்குகிறது. மரம் பிட்டைத் தள்ளினால் பாலம் வளைவதோடு முறுக்கவும் செய்யும். மூடிய சதுரக் குழாய்க்கும், அதே குழாயில் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டால் கிடைக்கும் திறந்த வடிவத்துக்கும் முறுக்கு விறைப்பில் உள்ள வித்தியாசம் மேலே சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட 430 மடங்கு. ஒரே ஒரு அறுப்பு! அதனால் 'சி' சானலையோ 'எல்' ஆங்கிளையோ பாலமாகப் போட்ட படத்தைப் பார்த்தால் அந்த வரைபடத்தை அங்கேயே மூடிவைக்கலாம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலையும் பார்ப்போம்.

ஹூட்-டேனியல் புத்தகத்தின் இயந்திரம் முழுக்க எம்டிஎஃப் பலகை. ஸ்கேட் பேரிங்குகள் அலுமினிய ஆங்கிளின் விளிம்பில் ஓடும். பட்டறை இல்லாதவர், வெல்டிங் தெரியாதவர், ஒரு துளையிடும் மெஷினும் பொறுமையும் மட்டும் வைத்திருப்பவர் கட்ட முடியும் என்று காட்டியதுதான் இதன் சாதனை. அது சின்ன சாதனை இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் ஏன் அப்படி வைத்தோம் என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பொறுமை பிற்காலத்து வீடியோக்களில் காணாமல் போய்விட்டது. எம்டிஎஃப்பின் விறைப்பு எஃகில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்றாலும், தடிமனாகப் போட்டு, பெட்டியாக மூடினால் கணிசமாகச் சமாளிக்கலாம். அதிர்வை உறிஞ்சுவதில் எஃகைவிட நல்ல பொருள் அது.

என் சண்டை ஈரத்தோடு. எம்டிஎஃப் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். திரும்பக் காய்ந்தாலும் பழைய தடிமனுக்கு முழுசாக வராது. போல்ட்டு இறுக்கிய இடங்களில் பலகை நசுங்கி, ஆறு மாதத்தில் இறுக்கம் தளரும். கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை தாண்டிய எம்டிஎஃப் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அலமாரிக்குப் பரவாயில்லை. மூலமட்டம் வைத்துச் சேர்த்த ஒரு இயந்திரத்துக்கு?

ஷேப்ஓக்கோவின் சாமர்த்தியம் வேறு. பார்ட்டன் டிரிங் அதே 2011-ல் கொண்டுவந்த மேக்கர்ஸ்லைடு என்ற அலுமினியப் பட்டையில், உத்தரமும் தண்டவாளமும் ஒரே துண்டு. பிளாஸ்டிக் சக்கரங்கள் அதன் 'வி' விளிம்பில் ஓடும், பெல்ட் இழுக்கும். ஒரு மேசை மேல் வைக்கிற சின்ன இயந்திரத்துக்கு இது அழகான தீர்வு, பாகங்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுகிறது. ஆனால் இந்த வம்சத்தைப் பார்த்து வீட்டில் பெரிதாக்கிக் கட்டுகிறவர்கள், பெல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீளம் இரண்டு மடங்கானால் பெல்ட்டின் விறைப்பு பாதி. அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். 300 மி.மீ. இயந்திரத்தில் மரியாதையாக நடந்துகொண்ட அமைப்பு, 1,000 மி.மீ. இயந்திரத்தில் மூலை திரும்பும்போதெல்லாம் ஒரு சின்னக் குழி வைத்துவிட்டுப் போகும்.

எம்பிசிஎன்சியைப் பற்றி இரண்டு வரியில் கடந்து போக முடியாது, காரணம் உலகத்திலேயே அதிகம் கேலி செய்யப்படுவதும் அதிகம் நேசிக்கப்படுவதும் இதுதான் என்று எனக்குத் தோன்றும். சாதாரண உலோகக் குழாய், 3டி பிரின்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக் மூட்டுகள். இரண்டு குழாய்கள் கூட்டல் குறி மாதிரி குறுக்கே போக, அவை சந்திக்கும் நடு இடத்தில் பிட். இரண்டு பக்கமும் தாங்கல் இருப்பதால், நான் மேலே போட்ட ஒற்றைக் குழாய்க் கணக்கைவிட இது நன்றாகவே நிற்கும். அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சின்னதாகக் கட்ட முடியுமோ அவ்வளவு சின்னதாகக் கட்டுங்கள் என்று அதைப் படைத்தவரே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்கிறவர் யார்? குழாய் நீளம் கணக்குப் போட்டவர் எல்லாம் வளைவுக் கணக்கும் போட்டிருந்தால், நாலடி அகல எம்பிசிஎன்சி படங்கள் இணையத்தில் பாதி குறைந்திருக்கும். அதைவிட முக்கியமான இடம் மேல்கீழ் அச்சு. கீழே தொங்குகிற குழாய் ஒரு முனையில் மட்டும் பிடித்த கொம்பு. அங்கேயும் அதே கனக் கணக்கு, அதுவும் தாங்கல் இல்லாத பக்கத்தில். 150 மி.மீ. தொங்கலை 75 ஆக்கினால் எட்டில் ஒரு பங்கு வளைவு. மரப்பலகை 20 மி.மீ. தடிமன்தானே, எதற்கு ஆறு அங்குல உயரம்?

பிரின்ட்என்சிதான் என் கணக்கை ஒப்புக்கொள்கிற வடிவமைப்பு. எஃகு ஸ்கொயர் பைப், லீனியர் ரெயில், பால் ஸ்க்ரூ. அச்சிட்ட பிளாஸ்டிக் இதிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் இரண்டு உலோகத்துக்கு நடுவே நசுங்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள், வளையும் இடத்தில் இல்லை. பிளாஸ்டிக்கை எங்கே வைக்கலாம் என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது என்று பார்த்தவுடன் தெரிகிறது. குறை என்னவென்றால், தெரிவுகள் அதிகம். எந்தக் குழாய், எந்த ஸ்க்ரூ, எந்த மோட்டார் என்று ஒவ்வொரு இடத்திலும் நாலு வழி பிரியும். அனுபவசாலிக்கு அது சுதந்திரம். முதல்முறை கட்டுகிறவர் முச்சந்தியிலேயே நின்றுவிடுவார்.

இன்னொன்று: லீனியர் ரெயிலுக்குத் தட்டையான படுகை வேண்டும். கடையில் வாங்கும் ஸ்கொயர் பைப் கண்ணுக்குத்தான் தட்டை. நேர்கோல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் குழியும் முனையில் மேடும் தெரியும். அதன்மேல் ரெயிலை இறுக்கினால் ரெயில் பைப்பின் வடிவத்துக்கு வளைந்துகொள்ளும், வண்டி ஒரு இடத்தில் லூஸாகவும் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டும் ஓடும். மெல்லிய தகடு வைத்து மேடு கட்டலாம், எபாக்ஸி ஊற்றித் தானாக மட்டமாக விடலாம், மில்லிங் உள்ள பட்டறையில் கொடுத்து ஒரு தடவை முகம் சீவி வாங்கலாம். கட்டுமான வீடியோக்களில் சரியாக இந்த இடத்தில் பாட்டு போட்டு வேகமாக ஓட்டிவிடுவார்கள். ஒரு வார வேலை பதினைந்து நொடியில் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பாலத்தை 97 மடங்கு விறைப்பாக்கினால் இயந்திரம் 97 மடங்கு விறைப்பாகாது. பாலம், வண்டி, பேரிங், மேல்கீழ் தகடு, சுழல் மோட்டாரைப் பிடிக்கும் வளையம், பிட் என்று எல்லாம் ஒரே வரிசையில் மாட்டிய ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றின் வளைவும் கூடிக்கொண்டே போகும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த நோஞ்சான் முன்னுக்கு வந்து நிற்பான். எனக்கு மென்பொருளில் புரொஃபைலர் ஓட்டுகிற அனுபவம் இதில் கைகொடுக்கிறது: எந்த இடம் நேரத்தைத் தின்கிறதோ அதை மட்டும் தொடு, திரும்ப அள.

"கொஞ்சம் வளைஞ்சா என்ன, மரம்தானே, மெதுவா ஓட்டிக்கலாம்" என்பது வழக்கமான பதில். இந்தப் பதிலை எந்த வழிகாட்டியும் அழுத்தமாக மறுப்பதில்லை. மறுக்க வேண்டும். 6 மி.மீ. பிட், இரண்டு பல், 18,000 சுற்று. ஒவ்வொரு பல்லும் 0.1 மி.மீ. தடிமனில் சிராய் எடுக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர வேண்டும். இயந்திரம் அதிர்கிறது என்று 1,000-க்குக் குறைத்தால் ஒரு பல் எடுப்பது 0.028 மி.மீ. அந்த மெல்லிசில் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. சூட்டில் மரம் கருகும், முனை மழுங்கும். மழுங்கிய முனை இன்னும் பலமாகத் தள்ளும், அதிர்வு கூடும். அப்போது இன்னும் மெதுவாக ஓட்டச் சொல்வார்கள்! சுற்றையும் சேர்த்துக் குறைக்கலாம், ஆனால் சின்ன டிரிம் ரூட்டர்கள் பல 10,000 சுற்றுக்குக் கீழே போகாது.

இனி நம்ம ஏரியா. மூளைப் பக்கத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகிற வழிகாட்டிகள் அங்கேயாவது முழுசாகச் சொல்கின்றனவா என்றால், இல்லை.

எங்க ஊர் ஆசாரியார் ஒருவர். நிலைக்கதவு வேலையில் முப்பது வருஷம். முன்னெல்லாம் கதவுப் பேனலில் மயிலும் பூக்கொடியும் உளியும் கொட்டாப்புளியும் வைத்து அவரே செதுக்குவார். இப்போது அந்த வேலை பக்கத்து டவுனில் உள்ள சிஎன்சி கடைக்குப் போகிறது, அவருக்கு மிஞ்சுவது சேர்ப்பதும் இழைப்பதும் மாட்டுவதும். "தம்பி, பூ வேலைக்கு என்கிட்ட யாரும் வர்றதில்ல. ஒரு மெஷின் நாமளே கட்ட முடியுமா? கடன் வாங்கிக்கிறேன், மாசம் எத்தனை பேனல் இறங்கும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். நான் வடிவமைக்க உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான். அவர் கேட்டது நுட்பத்தைப் பற்றி இல்லை, நேரத்தைப் பற்றி. கடன் தவணை நேரத்தில்தான் நிற்கிறது.

கணக்குப் போட்டேன். பேனல் 600க்கு 450. புடைப்புச் சிற்பத்தை முடிக்கும் கடைசி ஓட்டத்தில் உருண்டை முனைப் பிட் 0.4 மி.மீ. தள்ளித் தள்ளி நெய்கிற மாதிரி போகும். 1,125 கோடு, ஒவ்வொன்றும் 600 மி.மீ., ஆக மொத்தம் 675 மீட்டர். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகம் என்றால் மூன்றே முக்கால் மணி நேரம். மென்பொருளின் சிமுலேட்டரும் ஏறக்குறைய அதையே சொல்லும். பேனல் ஒரு நாளைக்கு இரண்டு என்று ஆசாரியாரிடம் சொல்லிவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் ஜிஆர்பிஎல் எப்படி வேலை செய்கிறது? அது எப்போதும் அடுத்து வரப்போகும் சில நகர்வுகளைப் பார்த்து வேகத்தைத் திட்டமிடும். ஆர்டுவினோவின் 2 கிலோபைட் நினைவகத்தில் அது முன்னோக்கிப் பார்ப்பது 16 நகர்வுகள். அதற்கப்புறம் என்ன வரும் என்று தெரியாததால், பார்க்கும் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தில்தான் எப்போதும் ஓடும். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் பிரேக் பிடிக்கிற மாதிரி. சிற்ப வேலையில் ஒவ்வொரு நகர்வும் குட்டி குட்டி, 0.1 மி.மீ. என்று வையுங்கள். 16 நகர்வு என்றால் 1.6 மி.மீ. வெளிச்சம். முடுக்கம் நொடிவர்க்கத்துக்கு 50 மி.மீ. என்று வைத்தால், 1.6 மி.மீட்டரில் நிற்கக்கூடிய அதிகபட்ச வேகம் நொடிக்கு 12.6 மி.மீ., நிமிடத்துக்குச் சுமார் 760. கோப்பில் 3,000 என்று எழுதியிருக்கலாம். இயந்திரம் அதைத் தொடவே தொடாது. மூன்றே முக்கால் மணி நேரம் கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரமாகிறது. நாளுக்கு இரண்டு பேனல் எங்கே, ஒன்றுக்கே ஒரு பகலும் பாதி ராத்திரியும் எங்கே. இந்த வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் கடன் தவணை உட்கார்ந்திருக்கிறது. முதல்முறை கட்டுகிறவர்களுக்கான எந்த வழிகாட்டியிலும் இந்தக் கணக்கை நான் பார்க்கவில்லை.

தீர்வு மூன்று பக்கம் இருக்கிறது. கேம் மென்பொருளில் சகிப்பைக் கொஞ்சம் தளர்த்தி நகர்வுகளை நீளமாக்கலாம். 0.3 மி.மீ. ஆனால் அதே முடுக்கத்தில் சுமார் எட்டரை மணி நேரம். கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றலாம். ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி போன்றவை 32-பிட் சில்லுகளில் ஓடுவதால் இன்னும் நிறைய நகர்வுகளை முன்னோக்கிப் பார்க்க முடியும். 100 நகர்வு பார்க்க முடிந்தால், 0.1 மி.மீ. துண்டுகளிலேயே ஆறு மணி நேரம். மூன்றாவது முடுக்கத்தைக் கூட்டுவது. 100 நகர்வோடு முடுக்கத்தை 200 ஆக்கினால் வரம்பு 3,000-ஐத் தாண்டிவிடும், சிமுலேட்டர் சொன்ன மூன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கலாம். முடுக்கத்தைக் கூட்ட எது தடை? மோட்டார் பலம் பெரும்பாலும் இல்லை. 5 மி.மீ. ஸ்க்ரூவில் ஒரு சாதாரண நேமா 23 மோட்டார் மெதுவான வேகத்தில் நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். முடுக்கத்தைக் கூட்டினால் நோஞ்சான் பாலம் ஆடும், அந்த ஆட்டம் மயிலின் இறகில் அலையலையாக விழும். ஆக மென்பொருள் பக்கம் கிளம்பினாலும் வந்து சேருகிற இடம் ஸ்கொயர் பைப்தான். விறைப்பை வெறும் துல்லியத்துக்கான ஆடம்பரமாகப் பார்க்கிற வழிகாட்டிகள் கோட்டை விடுவது இதைத்தான். புடைப்பு வேலையில் விறைப்பு என்றால் வேகம்.

தூசியையும் மின்சாரத்தையும் பற்றி இரண்டு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியை 1995-லேயே முதல் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களில், சேர்த்துவிட்டது. எம்டிஎஃப்பின் பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே பட்டியலில் ஏறியது. ஆசாரியாரின் இழைப்புளி சுருள் சுருளாகச் சீவும், ரூட்டர் மாவாக அரைக்கும். உறிஞ்சும் குழாயை எங்கே மாட்டுவது என்பது பாலத்தை வரையும் முதல் நாளே முடிவாக வேண்டிய விஷயம். வழிகாட்டிகளில் அது கடைசி அத்தியாயத்து அலங்காரம். அவசர நிறுத்தப் பொத்தானும் அப்படித்தான். பல ஒயரிங் படங்களில் அது ஆர்டுவினோவுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புவதோடு சரி. மென்பொருள் உறைந்துபோன நேரத்தில் அந்தப் பொத்தான் யாரிடம் போய் முறையிடும்? சுழல் மோட்டாருக்கும் டிரைவர்களுக்கும் போகும் மின்சாரத்தையே ஒரு கான்டாக்டர் வழியாக அறுக்க வேண்டும். மென்பொருள்காரன் சொல்கிறேன், மென்பொருளை நம்பாதீர்கள்.

என் வரைபடம் இப்போது இருக்கிற நிலை இது. வேலைப்பரப்பு 900க்கு 600. பாலத்துக்கு 75க்கு 75 பைப், தாங்கலுக்குத் தாங்கல் 850 மி.மீ., கணக்கில் வளைவு நாலு மைக்ரான். அதனால் பாலத்தைப் பற்றி இனி கவலையில்லை, கவலை முழுக்க மேல்கீழ் தகட்டில். தொங்கல் 80 மி.மீ.க்குமேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறேன். சட்டத்தை வெல்டு வைக்காமல் போல்ட்டில் சேர்க்கிறேன். வெல்டிங் சூட்டில் பைப் இழுத்துக்கொள்ளும், போல்ட்டைத் தளர்த்தி மூலைவிட்டத்தைத் திரும்பப் பார்க்கலாம். 900 நீளத்துக்கு 1 மி.மீ. கோணல் இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் 1.1 மி.மீ. வித்தியாசம் காட்டும், அதை சாதாரண டேப்பிலேயே பிடித்துவிடலாம். பாலத்தின் இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார், தனித்தனி தொடக்க ஸ்விட்ச்.

ஆசாரியார் முழுக் கதவும் படுக்கிற மாதிரி நாலுக்கு எட்டு அடி கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். 16 மி.மீ. பால் ஸ்க்ரூ ஒன்றரை மீட்டர் நீளத்திலேயே நிமிடத்துக்கு 900 சுற்று வாக்கில் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி விசிற ஆரம்பிக்கும். எட்டடிக்கு ரேக்-பினியன் போட வேண்டும், பாலத்தை இன்னும் கனமாக்க வேண்டும், அப்புறம் அது வீட்டில் கட்டுகிற சாமான் இல்லை. பேனல்களைத் தனித்தனியாகச் செதுக்கி அவர் சட்டத்தில் கோர்க்கட்டும், அந்தக் கோர்ப்பு எப்படியும் அவர் கைவேலைதான். கடனைப் பொறுத்தவரை, ஒரு பேனலுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துத் தவணையைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆறில் கட்டுப்படியாகவில்லை என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நாலாக இறங்கினால் அது மேல்வரும்படி. இப்போது தகட்டின் தடிமன் 12-ஆ 16-ஆ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். லேத் பட்டறையில் 16 மி.மீ. தகடு ஒரு துண்டு கிடக்கிறதாம். சனிக்கிழமை போய் நேர்கோல் வைத்துப் பார்க்க வேண்டும்.